கோட்டில் விட்ட இடம்

பெட்டியின் மேல் 'இண்டியன் பாட்டரி' என்று ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். இண்டியன் என்ற வார்த்தையை மட்டும் கூட்டாமலே படிப்பேன். பாஸ்போர்ட்டில் என் போட்டோவுக்குப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

அப்போது ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை. படம், சிலை, பழைய சாமான்களைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் வைத்து, முடிந்ததும் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புகிற கம்பெனி. அதற்கு முன்னால் பதினோரு வருடம் சைட்டில் பெயிண்டர். சாரத்தில் நின்று நின்று முதுகு போய்விட்டது. இது உட்கார்ந்து செய்கிற வேலை. ஏசி உண்டு. ரூம் அஜ்மானில். காலை ஐந்து மணிக்கு பஸ். இந்த வேலை போனால் மறுபடியும் சாரம்தான். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

ஃபோர்மேன் கீழக்கரைக்காரர். எல்லோரும் பாய் என்போம். லேபிளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"பாட்டரின்னா பானை. இண்டியன்னு போட்டிருக்கு. நம்ம ஊர்ப் பானைதான்யா. எங்கெங்கயோ சுத்திட்டு இங்க வந்திருக்கு."

"அமெரிக்கா ஸ்டாம்ப் அடிச்சிருக்கே பாய்?"

"நீயும் நானும் அஜ்மான்ல கெடக்கலையா? பானைக்கு மட்டும் விசா குடுக்க மாட்டானா?"

சிரித்துவிட்டுப் போனார். நான் பெட்டியைத் திறந்தேன்.

ஆறு பானைகள் இருந்தன. சக்கரத்தில் சுற்றிய தடம் எதிலும் இல்லை. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். ஒரே பானையில் இடத்துக்கு இடம் மாறியது, தீ பட்ட பக்கம் சிவந்தும் படாத பக்கம் வெளுத்தும். மேலே கறுப்பிலும் காவியிலும் இறக்கை, அலகு, படிக்கட்டு மாதிரி வரைந்திருந்தார்கள். கையால் இழுத்த கோடுகள். ஒன்றுகூட நடுங்கவில்லை. பதினோரு வருடம் பிரஷ் பிடித்தவன் நான். அந்தக் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஆறாவது பானை அகலமானது, தோள் தட்டையானது. கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அந்தக் கோட்டில் ஓர் இடத்தில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு நிறம் இல்லை.

பயணத்தில் பெயர்ந்துவிட்டது என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. நம் ஊர்ப் பானை. நம் ஊரில் யாரும் கோட்டை அப்படி விடமாட்டார்கள். என் வீட்டுக்காரி கோலம் போட்டால் கடைசி இழை முதல் இழையில் வந்து சேரும்வரை எழுந்திருக்க மாட்டாள். வாசலில் கோடு திறந்து கிடந்தால் வேண்டாதது உள்ளே வரும் என்பாள். நானும் அதையே பார்த்து வளர்ந்தவன்.

பெட்டியைத் திறந்தவன் நான். சேதம் என்றால் என் தலையில்தான் விழும். டச்சப் டப்பாவை எடுத்தேன். கறுப்பில் துளி பிரவுன் கலந்தேன். மூன்று மயிர் மட்டும் விட்டு வெட்டின பிரஷ் ஒன்று வைத்திருந்தேன். மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் கோட்டைச் சேர்த்தேன். காய்ந்ததும் விளக்கில் திருப்பிப் பார்த்தேன். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, கண்காட்சியில் பானை செய்து காட்ட ஓர் அம்மா வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். குள்ளம், பருத்த உடம்பு, நெற்றியில் வெட்டிவிட்ட முடி. நம் நிறம்தான். ஆனால் இந்தியா இல்லை. பாய் கேட்டு வந்து சொன்னார்.

"ஹோப்பின்னு ஒரு சனமாம். அமெரிக்காவுல அரிசோனான்னு பாலைவனம். அதுல மேட்டு மேல ஊரு. இண்டியாவுக்குப் போறேன்னு கெளம்புன வெள்ளக்காரன் வழி தப்பி அங்க எறங்கி, கண்ணுல பட்டவனுக்கெல்லாம் இண்டியன்னு பேர் வச்சிட்டான். இன்னைக்கு வரைக்கும் அழிக்கல."

அப்போதுதான் நான் சேர்த்த கோடு ஞாபகத்துக்கு வந்தது. பாயிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதக் கண்காட்சி. முதல் பத்து நாள் அந்தம்மாவுக்கு ஹாலில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அந்தம்மா அதில் உட்கார்ந்து பானை செய்வார், வருகிறவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தண்ணீர் எடுத்து வைக்க, மண் கூட்ட என்னைப் போட்டார்கள். அதனால் எல்லாம் பார்த்தேன். மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, வளையம் வளையமாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுவார். சுரைக்காய் ஓட்டுத் துண்டால் வழிப்பார். காய்ந்ததும் ஒரு வழவழப்பான கல்லால் தேய்ப்பார். மணிக்கணக்கில் தேய்ப்பார். பிரஷ் என்று ஒன்று கிடையாது. கற்றாழை மாதிரி ஒரு செடியின் இலை நுனியைப் பல்லால் மென்று நாராக்குவார், அதுதான் பிரஷ். கறுப்புக்கு ஏதோ செடியை நாள் முழுக்கக் காய்ச்சிக் கட்டியாக்கி வைத்திருந்தார். அதைக் கல்லில் உரசித் தண்ணீர் விடுவார்.

சுடுவதற்கு ஆட்டுப் புழுக்கை வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர்கள் ஊரில் சூளை கிடையாதாம். தரையில் பானையை வைத்து, உடைந்த ஓடுகளால் மூடி, சுற்றிலும் காய்ந்த புழுக்கையை அடுக்கிக் கொளுத்துவார்களாம். பாய் பிக்கப் எடுத்துக்கொண்டு தைத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய் நாலு சாக்கு கொண்டு வந்தார்.

"இருவத்திரெண்டு வருஷம் கல்ஃப்ல குப்பை கொட்டினேன். இப்ப புழுக்கையும் அள்ளியாச்சு. ஊர்ல எங்க மாமியா கேட்டா ரொம்ப சந்தோசப்படும்."

அந்தம்மா ஒரு கட்டியை உடைத்து மோந்து பார்த்தார். நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றார். ஆனால் ஹால் பக்கத்தில் தீ வைக்க அனுமதி கிடைக்கவில்லை. தீ மாஃபி, கலாஸ் என்றுவிட்டார்கள்; தீ கிடையாது, முடிந்தது. சாக்குகள் பார்க்கிங்கில் அப்படியே கிடந்தன. செய்த பானைகள் பச்சை மண்ணாக மேசையில் நின்றன. தண்ணீர் பட்டால் சேறு.

இரண்டாம் நாள் காலை அந்தம்மா கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாவது பானை முன்னால் நின்றார். ஒரு பக்கம் பார்த்தார், சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தார். நகரவே இல்லை. பிறகு கண்காட்சி மேடத்தைக் கூப்பிட்டார். மேடம்தான் அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பாயும் நானும் பின்னால் நின்றோம். அவர்கள் பேசியதை பாய் என் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பானை அந்தம்மாவின் தங்கை செய்தது. அவர்கள் வீட்டில் பானையைச் சுற்றிக் கோடு போட்டால் முழுக்க மூட மாட்டார்கள். விட்ட இடம் செய்தவள் வெளியே போகிற வழி. மூடினால் அவளை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி. இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் அப்படிச் செய்வதில்லையாம். இவர்கள் வீட்டில் செய்வார்கள். தங்கைக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள். அவள் கோட்டை யாரோ மூடியிருக்கிறார்கள். அதைத் திறக்க வேண்டும்.

மேடம் டேப்லெட்டில் போட்டோவைக் காட்டினார். பானையை ஒரு பக்கம்தான் எடுத்திருந்தார்கள். இடைவெளி இருந்த பக்கம் போட்டோவில் இல்லை. இதில் கோடு முழுசாகத்தானே இருக்கிறது என்றார் மேடம். பானை இப்போது அதை வாங்கியவருடையது, அவர் எழுதிக் கொடுக்காமல் யாரும் தொட முடியாது, மெயில் போடுகிறேன் என்றார். பிறகு எங்களைப் பார்த்து, யாராவது இதில் கை வைத்தீர்களா என்று கேட்டார்.

"நோ மேடம்," என்றார் பாய்.

நான் பாய் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். என் சட்டைக் கையைப் பார்த்தார். பெயிண்டர் சட்டை எத்தனை தடவை துவைத்தாலும் பெயிண்டர் சட்டைதான்.

அன்று மத்தியானம் தண்ணீர் வைக்கப் போனபோது நானே சொன்னேன். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நான்தான் மூடினேன். உடைசல் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் வாசலில் கோடு போடுவார்கள், அதைத் திறந்து விடக்கூடாது. விரலால் மேசையில் கோலம் மாதிரி போட்டும் காட்டினேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மேடம்கிட்ட சொல்லுவியா?" என்றார்.

"வேலை போயிரும்மா. விசா."

கல் அப்படியே போய்ப் போய் வந்தது. "சரி" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் மேசைக்குத் தண்ணீர் வைத்தேன், மண் கூட்டினேன். அவர் மேடத்திடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒருநாள் தானாகவே போனில் தங்கை படத்தைக் காட்டினார். ஆஸ்பத்திரி நாற்காலி, கையில் குழாய், ஒல்லியான பெண். பார்த்தேன்.  "கை நல்ல கைம்மா, கோடு ஆடவே இல்ல" என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. தலையை ஆட்டினார்.

மெயிலுக்குப் பதில் வரவில்லை. வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தார். தினமும் காலையில் அந்தம்மா மேடம் முகத்தைப் பார்ப்பார். மேடம் இல்லை என்று தலையை ஆட்டுவார். மேடம் கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் காகிதம்.

ஆறாம் நாள் அந்தம்மா ஹாலுக்கு வரவில்லை. பாய் வந்து சொன்னார்.

"தங்கச்சிக்காரி போயிட்டாளாம்யா. நேத்து."

மேசையைத் துணி போட்டு மூடினேன். அப்போது என் மனதில் வந்ததையும் எழுதிவிடுகிறேன். இனி திறந்து என்ன ஆகப் போகிறது, தப்பித்தோம் என்று வந்தது. அந்த நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் அவர் வந்தார். டிக்கெட் மாற்ற இடம் கிடைக்கவில்லையாம், அதற்கடுத்த இரண்டாம் நாள் மத்தியானம்தான் ஃபிளைட். அதற்குள் அங்கே புதைத்துவிடுவார்கள். ஓட்டல் ரூமில் உட்கார முடியவில்லை என்று வந்துவிட்டார். மேசையில் உட்கார்ந்தார், மண்ணைத் தொடவில்லை. வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "அம்மா, இனிமே அந்தக் கோடு..." என்றேன். வேண்டாமா என்று கேட்க வந்தேன்.

"இனிமேதான் வேணும்," என்றார்.

மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். செத்தவள் நாலாம் நாள் கிளம்ப வேண்டும். நாலு விரலைக் காட்டினார். பிறகு கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினார். இது மூடிக் கிடந்தால் எப்படிப் போவாள்.

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அழவும் இல்லை. நான் விரல் விட்டு எண்ணினேன். நாலாம் நாள் என்பது அவர் ஊருக்குக் கிளம்புகிற நாள்.

தினமும் காலை ஏழு மணிக்குக் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கிற டியூட்டி என்னுடையது. சாவி என்னிடம் வரும். ஹால் பத்து மணிக்குத்தான் திறக்கும். நாலாம் நாள் ஏழரைக்கு அவர் பையோடு வந்து நின்றார். நான் வரச் சொல்லவில்லை. துடைக்கிற நேரம் அவருக்குத் தெரியும்.

மேலே கேமரா இருந்தது. பார்த்தேன். பெட்டியைத் திறந்தேன்.

பஞ்சில் தின்னர் தொட்டு முதலில் தேய்த்தேன். மேலாக இருந்தது வந்தது. மீதி உள்ளே இறங்கிவிட்டிருந்தது. கண்ணாடிப் பூச்சு இல்லாத பானை, மண் குடித்துவிட்டது. மண்ணோடு சேர்த்துச் சுரண்டினால்தான் போகும். அப்படிச் செய்தால் தழும்பு நிற்கும். எத்தனையோ மணி நேரம் அவள் கல்லால் தேய்த்த வழவழப்பு. பிளேடை அந்தம்மாவிடம் நீட்டினேன்.

வாங்கவில்லை. "நீ மூடினது. நீயே தெற."

சுரண்டினேன். செங்கல்லில் ஆணி இழுக்கிற மாதிரி சத்தம். அந்தம்மா கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார். கறுப்பாகக் கொஞ்சம் தூள் விழுந்தது, பிறகு வெளிர் மஞ்சளாக. ஒரு சிட்டிகை இருக்கும். அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு பானையின் வாய் அருகே குனிந்து அவர் பாஷையில் ஏதோ சொன்னார். ரொம்பப் பேசவில்லை. நான் அடுத்த பெட்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, "பூட்டு" என்றார். பூட்டினேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேசையில் இருந்த பச்சைப் பானைகளைத் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடச் சொல்லிப் போயிருந்தார். கரைத்தேன்.

இரண்டு நாளில் மேடம் கண்டுபிடித்துவிட்டார். கேமராவில் என் முதுகுதான் தெரிந்தது, அந்தம்மாவை அது மறைத்துவிட்டது. ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே பாய் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்க பாரு. அழுக்குன்னு நெனச்சு சொரண்டிட்டேன்னு சொல்லு. படிக்காதவன், தெரியாம பண்ணிட்டான்னு நான் பேசுறேன். ஒரு வார்னிங் லெட்டரோட போயிரும். வாயத் தொறக்காத, வெளங்குதா?"

"சரி பாய்."

உள்ளே மேனேஜர், மேடம். பாய் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றிப் பேசினார். நான் தரையைப் பார்த்தேன். மேனேஜர் கோபம் கொஞ்சம் இறங்கியது. பாய் சொன்னபடியே முடியும் என்று தெரிந்தது. அப்போது மேடம் டேப்லெட்டில் அந்தப் போட்டோவை எடுத்தார். கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போய், போட்டோவில் கோடு மறைகிற ஓரத்தையும் தாண்டிச் சுற்றிக் காட்டினார். ரிப்பேர் ஆளை வரவழைத்து, பள்ளத்தை அடைத்து, கோட்டை முழுசாகப் போட்டுவிடலாம் என்றார். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் புரிந்தது.

"நோ மேடம்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாட் டர்ட்டி. ஃபர்ஸ்ட் டைம் லைன் ஓப்பன். ஐ க்ளோஸ். மை பெயிண்ட். மை மிஸ்டேக். நவ் ஓப்பன். ப்ளீஸ், நோ க்ளோஸ்."

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

என் டச்சப் டப்பாவைக் கொண்டு வரச் சொன்னார்கள். கலந்து காட்டினேன். எந்த பிரஷ் என்று காட்டினேன். மேடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாங்கியவருக்கு அனுப்பினார். இந்தத் தடவை பதில் அன்றே வந்தது. பானையை இனி யாரும் தொட வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்று. மேனேஜர் என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். கேன்சல். வேலையும் விசாவும் போனது.

 பஸ் அஜ்மானை நெருங்கும்போது பாய் ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு வார்த்தை. அழுக்கு. அது ஒன் வாயில வராதோ?"

"அழுக்குன்னா மறுபடி மூடிருவாங்க பாய்."

"மூடுனா ஒனக்கென்னய்யா? அவ ஒனக்கு அக்காளா, தங்கச்சியா? நீ மூஞ்சி பார்த்ததே போன்லதான்."

"ஆமா பாய்."

"நாலு நாளும் முடிஞ்சு போச்சுல்ல? போறவ போயிருப்பா. இனி மூடுனாத்தான் என்ன?"

அது எனக்கும் தெரியவில்லை. போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அவர்கள் கணக்கு எனக்கு முழுக்கத் தெரியாது. ஒருதரம் மூடினவன் நான். இரண்டாம் தரம் மூடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாய்தான் யார் யாரையோ பிடித்து அபுதாபி தாண்டி ருவைஸில் வேலை வாங்கிக் கொடுத்தார். எண்ணெய் டேங்குகளுக்கு பெயிண்ட். கேம்ப் ரூம், பதினொரு மணி நேர டியூட்டி, இடுப்பில் பெல்ட். முதுகு பழையபடி பிடித்துக்கொண்டது. ராத்திரி மல்லாந்து படுக்க முடியாது.

கண்காட்சி முடிந்த அன்று பாய் போன் பண்ணினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். டேங்க் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒன் பானையை இப்பத்தான் பெட்டியில வச்சேன். நானே வச்சேன், வேற எவனையும் தொட விடல."

"சரி பாய்."

"நல்லா அசிங்கமா சொரண்டி வச்சிருக்கய்யா. கை வைச்சா நெரநெரங்குது."

"தெறந்துதான இருக்கு?"

"தெறந்துதான் இருக்கு."

மேலே இருந்து யல்லா யல்லா, சீக்கிரம் வா, என்று கத்தினார்கள். போனைப் பையில் போட்டுக்கொண்டு பெல்ட்டை மாட்டினேன்.